‘என்க’ என்னும் சொல்லும் கணக்கின் படிகளும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. ஆயினும் தமிழ் இலக்கியம் பயில வரும் மாணாக்கருள் பலர் அவற்றுள் ஒரு கண்ணை மூடிக்கொண்டே வகுப்பினுள் நுழைகின்றனர். “எனக்குக் கணக்கு வராது ஐயா, அதனால்தான் தமிழ் எடுத்தேன்” என்னும் கூற்றை ஆண்டுதோறும் கேட்கிறோம். இக்கூற்றினால் தமிழுக்கும் பெருமையில்லை, கணக்கிற்கும் இழப்பில்லை. இழப்பு முழுவதும் கூறுவோருக்கே. பட்டம் பெற்றபின் அரசுப் பணித் தேர்வு எழுதச் செல்லும் அதே மாணவர், இலக்கண வினாக்களுக்கு விரைந்து விடையளித்துவிட்டு, வயதுக் கணக்கையும் விழுக்காட்டுக் கணக்கையும் கண்டு திகைத்து நிற்கிறார்.

அவ்வாறு நிற்பவருக்குக் கூட்டலும் பெருக்கலும் தெரியாமலில்லை. அங்காடியில் மீதிச் சில்லறையை அவர் பிழையின்றி எண்ணி வாங்குகிறார். அவர் தடுமாறும் இடம் வாக்கியம். வாக்கியத்தில் எதைக்கொண்டு எது அளக்கப்படுகிறது என்று காணாமல், எண்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கூட்டவோ பெருக்கவோ முற்படுகிறார். ஆதலின் இது தமிழாசிரியனும் தலையிடத்தக்க பொருளேயாம் எனத் துணிந்து, பள்ளிக் கணக்குகள் சிலவற்றை ஈண்டுப் படிப்படியாகக் காண்போம்.

முதலில் ஒரு வயதுக் கணக்கு. தந்தையின் வயது மகனின் வயதைப்போல் மும்மடங்கு. இன்னும் 12 ஆண்டுகள் கழிந்தால் அது மகனின் வயதைப்போல் இருமடங்காகும். இப்போது இருவர் வயதும் யாவை?

பாடநூல் இக்கணக்கை ‘மகனின் வயது எக்ஸ் என்க’ என்று தொடங்கும். மாணவர் எக்ஸைக் கண்டு அஞ்சுவர். தமிழ் பயின்றவர் நோக்க வேண்டியது அதனை அடுத்து நிற்கும் ‘என்க’ என்னும் சொல்லை. இது வியங்கோள் வினைமுற்று. வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்னும் பொருள்களில் வருவது வியங்கோள் என்று படித்திருக்கிறோம். இங்கே அது வேண்டல் பொருளில் நிற்கிறது. ‘இவ்வயது எவ்வளவு என நமக்குத் தெரியாது, தெரியும்வரை இதனை இப்பெயரால் அழைப்போமாக’ என்பதே அதன் கருத்து. ஊருக்குப் புதியவர் ஒருவர் வந்தால், பெயர் தெரியும்வரை அவரை ‘வெளியூர்க்காரர்’ என்று குறிக்கிறோமல்லவா? அத்தகையதே எக்ஸும். அவ்வெழுத்தும் வேண்டுமென்பதில்லை; மகனின் வயதை ‘ம’ என்க.

இனி ஒவ்வொரு வாக்கியமாக எழுதுவோம். தந்தையின் வயது மும்மடங்கு, எனவே 3ம. 12 ஆண்டுகளுக்குப் பின் தந்தையின் வயது 3ம + 12. அப்போது மகனின் வயது என்ன? இங்கேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். ‘இருமடங்கு’ என்ற சொல்லைக் கண்டவுடன் 3ம + 12 = 2ம என்று எழுதிவிடுகின்றனர். அதனைத் தீர்த்தால் மகனின் வயது −12 என வரும். பிறவாத பிள்ளைக்கு வயது கணித்தது போலாயிற்று! இவ்விடை வீணானதன்று. ‘நீ எங்கோ ஒரு சொல்லை விட்டுவிட்டாய்’ என்று அது கூறுகிறது. விடுபட்டது யாது? தந்தைக்கு 12 ஆண்டுகள் கழியும்போது மகனுக்கும் அதே 12 ஆண்டுகள் கழியும். ‘12 ஆண்டுகள் கழிந்தால்’ என்னும் வினையெச்சம் தந்தை, மகன் ஆகிய இருவரையும் தழுவி நிற்கிறது. மாணவர் அதனைத் தந்தைக்கு மட்டும் உரியதாகக் கொண்டுவிட்டார்.

ஆதலின் சரியான வாக்கியம் 3ம + 12 = 2(ம + 12) என்பதாகும். அடைப்பை விரித்தால் 3ம + 12 = 2ம + 24. இருபுறத்திலிருந்தும் 12ஐ எடுத்துவிட்டால் 3ம = 2ம + 12. இருபுறத்திலிருந்தும் 2மவை எடுத்துவிட்டால் ம = 12. மகனுக்கு 12, தந்தைக்கு 36. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 24, 48. இருமடங்கு பொருந்துகிறது.

மேற்கண்ட படிகளில் ‘இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கம் போனால் கூட்டல் கழித்தலாகும்’ என்னும் தொடர் ஓரிடத்தும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளிகளில் இத்தொடர் மந்திரம்போல் ஓதப்படுகிறது. ஓர் எண் சமக்குறியைத் தாண்டியவுடன் குணம் மாறுவது ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு அம்மந்திரத்தில் விடையில்லை. உண்மையில் எதுவும் எங்கும் போவதில்லை. தராசின் இரு தட்டுகளிலிருந்தும் ஒரே அளவை எடுக்கிறோம், அவ்வளவே. மந்திரம் விரைவைத் தருகிறது. மறந்துவிட்டால் மீளும் வழியைத் தருவதில்லை.

அடுத்து நம் இல்லங்களில் ரமலான்தோறும் எழும் ஒரு கணக்கு. ஒருவர் தம் சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை ஜக்காத்தாக வழங்கினார். வழங்கியதுபோக அவரிடம் 78,000 ரூபாய் எஞ்சியது. முன்னர் இருந்த தொகை எவ்வளவு?

நாற்பதில் ஒன்று என்பது இரண்டரை விழுக்காடு. 78,000க்கு இரண்டரை விழுக்காடு 1,950. இரண்டையும் கூட்டினால் 79,950 என்று விடை கூறுவோர் பலர். சரிபார்ப்போம். 79,950இல் நாற்பதில் ஒன்று 1,998 ரூபாய் 75 காசு. அதனைக் கழித்தால் எஞ்சுவது 77,951 ரூபாய் 25 காசு. 78,000 வரவில்லை. ஏன்? ‘நாற்பதில் ஒன்று’ என்ற அளவுக்கு ‘எதில்?’ என்னும் வினா உண்டு. அவர் வழங்கியது முன்னிருந்த தொகையில் நாற்பதில் ஒன்று. நாம் கணக்கிட்டதோ எஞ்சிய தொகையில். முழுத்தொகையை நாற்பது கூறாக எண்ணுக. ஒரு கூறு சென்றது; முப்பத்தொன்பது கூறு நின்றது. 39 கூறு 78,000 எனில் ஒரு கூறு 2,000. நாற்பது கூறு 80,000. அதில் 2,000 வழங்கினால் எஞ்சுவது 78,000. பொருந்திற்று. அதாவது, எடுக்கும்போது நாற்பதில் ஒன்றை எடுத்தால், நிரப்பும்போது எஞ்சியதில் முப்பத்தொன்பதில் ஒன்றை இட்டு நிரப்ப வேண்டும்.

இதனிடையே ஒரு செய்தி. பழந்தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் இருபதில் ஒன்றுக்கு ‘மா’ என்றும், எண்பதில் ஒன்றுக்குக் ‘காணி’ என்றும், முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு ‘முந்திரி’ என்றும் பெயர். மாவில் பாதி ‘அரைமா’. அதுவே நாற்பதில் ஒன்று. ஜக்காத்தின் அளவைக் கூற நம் முன்னோரின் கணக்கில் ஒரே சொல் ஆயத்தமாக இருந்தது. இன்று நாம் ‘இரண்டு புள்ளி ஐந்து சதவீதம்’ என்று நீட்டி முழக்குகிறோம்!

எடுத்ததை இட்டு நிரப்புதல் என்னும் இச்செயலுக்கு அரபு மொழியில் ‘அல்-ஜப்ர்’ என்று பெயர். முறிந்த எலும்பைப் பொருத்திச் சீராக்குவதையும் அச்சொல் குறிக்கும். முற்காலத்தில் ஸ்பெயின் நாட்டில் எலும்பு பொருத்தும் வைத்தியரை ‘அல்ஹெப்ரிஸ்தா’ என்று அழைத்தனர். இருபுறத்திலும் உள்ள ஒத்த உருப்படிகளை எதிரெதிர் வைத்துக் கழிப்பதற்கு ‘அல்-முகாபலா’ என்று பெயர். வயதுக் கணக்கில் பன்னிரண்டையும் 2மவையும் நீக்கியது அதுவே. இவ்விரு சொற்களையும் தலைப்பில் கொண்டு, கலீஃபா மஃமூனின் ஆட்சியில், கி.பி. 813க்கும் 833க்கும் இடைப்பட்ட காலத்தில், பக்தாது நகரில் ஒரு நூல் எழுதப்பட்டது. எழுதியவர் முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி. ‘பைத்துல் ஹிக்மா’ என்னும் அறிவகத்தைச் சார்ந்திருந்த பேரறிஞர். 1145இல் செஸ்டர் ஊர் இராபர்ட் இதனை இலத்தீனில் பெயர்த்தார். முன்பு ‘அட்சரகணிதம்’ என்றும் இன்று ‘இயற்கணிதம்’ என்றும் நாம் கூறும் துறைக்கு மேலைமொழிகள் ‘அல்ஜீப்ரா’ எனப் பெயரிட்டது இந்நூலின் தலைப்பினால்தான். ‘அல்காரிதம்’ என்னும் சொல்லோ ஆசிரியரின் பெயரிலிருந்தே பிறந்தது. கணிப்பொறித் துறையினர் நாள்தோறும் அவர் பெயரை உச்சரிக்கின்றனர். பலர் அறிந்து உச்சரிப்பதில்லை.

அந்நூலைப் பற்றித் தமிழ் மாணவர் அறிய வேண்டிய முதன்மையான செய்தி ஒன்றுண்டு. அதில் எக்ஸ் இல்லை, கூட்டல் குறி இல்லை, சமக்குறியும் இல்லை. சமக்குறியை இராபர்ட் ரெக்கார்டு என்னும் ஆங்கிலேயர் அச்சில் இட்டது 1557இல். தெரியாத எண்ணுக்கு எக்ஸ் முதலிய எழுத்துகளைத் தெக்கார்த்து வழக்கில் நிறுத்தியது 1637இல். அவற்றுக்கு ஏழெட்டு நூற்றாண்டுகளுக்கு முன், அல்-குவாரிஸ்மி இயற்கணிதம் முழுவதையும் உரைநடையிலேயே எழுதினார். தெரியாத எண்ணை ‘ஷைஃ’ அல்லது ‘ஜித்ர்’ என்றார். முன்னது பொருள், பின்னது வேர். வேரை அவ்வேராலேயே பெருக்கி வருவதை ‘மால்’ என்றார், அது செல்வம். தனி எண்ணைத் ‘திர்ஹம்’ என்றார். கணக்கு வராது என்று தமிழுக்கு வந்தோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் எடுத்துக்காட்டிய புகழ்பெற்ற கணக்கு இது. ஒரு மாலும் அதன் வேர் பத்தும் சேர்ந்தால் முப்பத்தொன்பது திர்ஹம், வேர் எவ்வளவு? வழி வருமாறு: வேர்களின் எண்ணிக்கையாகிய பத்தில் பாதி ஐந்து. ஐந்தை ஐந்தால் பெருக்க இருபத்தைந்து. அதனை முப்பத்தொன்பதுடன் கூட்ட அறுபத்து நான்கு. அதன் வேர் எட்டு. எட்டில் அந்த ஐந்தை நீக்க மூன்று. வேர் மூன்று; மால் ஒன்பது. ஒன்பதும் முப்பதும் முப்பத்தொன்பது.

விடை சரி. ஆனால் பத்தைப் பாதியாக்கியது ஏன்? இருபத்தைந்தைக் கூட்டியது ஏன்? வழியோடு நில்லாமல் காரணத்தையும் கேட்க வேண்டும். அல்-குவாரிஸ்மி அதனையும் படம் வரைந்து காட்டுகிறார். ஒரு சதுரத் தோட்டத்தை எண்ணுக. அதன் பக்கம் தெரியாது, பரப்பே மால். வேர் பத்து என்பது, அப்பக்கத்தின் நீளமும் பத்து அகலமும் உடைய ஒரு நிலத்துண்டு. அதனை ஐந்து ஐந்து அகலமுடைய இரு துண்டுகளாக்கி, ஒன்றைத் தோட்டத்தின் கிழக்கிலும் மற்றதைத் தெற்கிலும் ஒட்டுக. பத்தைப் பாதியாக்கியது இதற்காகவே. இப்போது மொத்தப் பரப்பு முப்பத்தொன்பது. ஆனால் தென்கிழக்கு மூலை வெற்றிடமாக நிற்கிறது. அம்மூலை ஐந்துக்கு ஐந்து; பரப்பு இருபத்தைந்து. அதனை நிரப்பினால் அறுபத்து நான்கு பரப்புள்ள முழுச் சதுரம் கிடைக்கும். அதன் பக்கம் எட்டு. ஒட்டிய ஐந்து போக, பழைய தோட்டத்தின் பக்கம் மூன்று. பத்தாம் வகுப்பில் பாட்டுப்போல் மனனம் செய்யப்படும் இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம், இந்த மூலையை நிரப்பும் செயலின் சுருக்கமேயாகும். மூலையைக் கண்டவர் சூத்திரத்தை மறந்தாலும் மீண்டும் ஆக்கிக்கொள்வார்.

தமிழிலும் கணித நூல்கள் உண்டு. காரிநாயனாரின் கணக்கதிகாரம் அவற்றுள் பெயர்பெற்றது. பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளைகளின் தொகை வரும் என்னும் செய்யுள் பலரும் அறிந்தது. முள் நூறெனில் சுளை நூற்றிருபது. (பொருந்துமா என அறிய விரும்புவோர் பழத்தை அறுத்துப் பார்க்கலாம், பொருந்தாவிடினும் சுளை மிஞ்சும்.) செய்யுள் வடிவம் நினைவில் நிறுத்த எளிது; ‘ஏன்?’ என்னும் வினாவுக்கு அதில் இடம் குறைவு. திண்ணைப் பள்ளியின் எண்சுவடியும் அத்தகையதே. மனனத்தை நாம் இழிவாகக் கருதவில்லை. வாய்பாடு நாவில் நின்றால்தான் மனம் வாக்கியத்தை நோக்க ஓய்வு பெறும். பின்னர், கி.பி. 1070 அளவில், உமர் கய்யாம் முப்படிச் சமன்பாடுகளை வடிவியல் வழியில் ஆராய்ந்து ஒரு நூல் செய்தார். கவிமணியின் மொழிபெயர்ப்பால் அவரைப் பாவலராக மட்டும் அறிந்த தமிழர்க்கு இது வியப்பளிக்கலாம்.

அல்-குவாரிஸ்மியின் நூலில் ஏறத்தாழப் பிற்பாதி முழுவதும் வாரிசுரிமைக் கணக்குகளும் வஸிய்யத் கணக்குகளுமே நிறைந்துள்ளன. மக்களுக்கு அன்றாடம் வேண்டுவதை எளிதாக்கவே அவர் இந்நூலை எழுதினார் என்பதற்கு அது சான்று. நம் ஊர்களில் பாகப்பிரிவினையின்போது நடப்பதை இதனுடன் ஒப்பிடலாம். மார்க்க அறிஞர் பங்கை எழுதித் தருகிறார், குடும்பத்தார் கையொப்பமிடுகின்றனர். தம் பங்கு எவ்வாறு வந்தது என்று கேட்கத் தெரியாத பெண்மக்களும், கேட்டால் பேராசை என்று கருதப்படுமோ எனக் கூசும் பெண்மக்களும் நம்மிடையே உள்ளனர். ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கு தெரிந்த எவரும் அத்தாளைப் படித்து உணர இயலும். அவ்வாறு படித்து உணர்வது அறிஞரை ஐயுறுவதாகாது. ஃபராயிள் கலையைக் கற்குமாறு வலியுறுத்தும் மரபு நம்முடையது.

அக்கலையில் பின்னங்களைக் கூட்டிப் பார்த்தலே ஒரு பெருஞ்சிக்கலை வெளிப்படுத்தியதுண்டு. கணவனும் உடன்பிறந்த சகோதரியர் இருவரும் வாரிசுகள் எனில் கணவனுக்குப் பாதி, சகோதரியர்க்கு மூன்றில் இரண்டு. பாதி என்பது ஆறில் மூன்று. மூன்றில் இரண்டு என்பது ஆறில் நான்கு. கூட்டினால் ஆறில் ஏழு! சொத்தைவிடப் பங்கு மிகுந்துவிட்டது. கலீஃபா உமர் அவர்கள் காலத்திலிருந்து வழங்கிவரும் ‘அவ்ல்’ என்னும் தீர்வின்படி, சொத்தை ஆறாகப் பிரிக்காமல் ஏழாகப் பிரித்துக் கணவனுக்கு மூன்றும் சகோதரியர்க்கு நான்கும் அளிப்பர். குறைவு அனைவர்மீதும் தத்தம் பங்கின் அளவே விழுகிறது. கூட்டிப் பார்க்கும் படியை விட்டவர்க்கு இச்சிக்கல் இருப்பதே புலப்படாது.

நிறைவாக, அல்-குவாரிஸ்மியின் நூலிலுள்ள கணக்கு ஒன்றை முழுமையாகச் செய்து காண்போம். ஒரு பெண்மணி இறந்தார். கணவன், ஒரு மகன், மூன்று மகள்கள் வாரிசுகள். வாரிசல்லாத அயலார் ஒருவருக்குத் தம் சொத்தில் எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் சேரக் கொடுக்குமாறு அவர் வஸிய்யத் செய்திருந்தார். யார் யாருக்கு எவ்வளவு?

வஸிய்யத்தை முதலில் நீக்க வேண்டும். எட்டுக்கும் ஏழுக்கும் பொதுவான பகுதி ஐம்பத்தாறு. ஐம்பத்தாறில் எட்டில் ஒன்று 7, ஏழில் ஒன்று 8, கூட்ட 15. எனவே அயலாருக்கு 56இல் 15. வஸிய்யத் மூன்றில் ஒன்றுக்கு மிகுதல் கூடாது. 56இல் மூன்றில் ஒன்று பதினெட்டுக்கு மேல். 15 அதற்குள் அடங்குகிறது. எஞ்சியவை 41 கூறுகள்.

அந்நாற்பத்தொன்றே வாரிசுகளுக்கு உரியது. இங்கும் ‘எதில்?’ என்ற வினாவை மறத்தலாகாது. கணவனின் கால் பங்கு இந்த எஞ்சிய பகுதியில் கால், முழுச் சொத்தில் கால் அன்று. பிள்ளைகள் இருப்பதால் கணவனுக்குக் கால். மீதி முக்கால் பிள்ளைகளுக்கு. மகனுக்கு இரண்டு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்னும் வீதத்தில் முக்காலை ஐந்தாகப் பகுக்க வேண்டும். நான்காலும் ஐந்தாலும் மீதியின்றி வகுபட வேண்டுமாதலால் வாரிசுப் பகுதியை இருபது கூறாக்குக. கணவனுக்கு 5, மகனுக்கு 6, மகள் ஒவ்வொருவருக்கும் 3.

ஐம்பத்தாறும் இருபதும் ஒரே கணக்கில் இணைய, முழுச் சொத்தையும் 56 × 20 = 1,120 கூறுகளாகக் கொள்க. அயலாருக்கு 15 × 20 = 300. கணவனுக்கு 41 × 5 = 205. மகனுக்கு 41 × 6 = 246. மகள் ஒவ்வொருவருக்கும் 41 × 3 = 123; மூவருக்கும் 369.

இனிக் கூட்டுக: 300 + 205 + 246 + 369 = 1,120.